இடக்கை சுற்றிய இறால்

பிப்ரவரி 3

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். உன் தோள்பட்டை வலி குறைந்ததா?

உன்னிடம் ஒரு உதவி கேட்க வேண்டும். உன் பட்டறையில் தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பொய் இரை கட்டுகிறீர்களே, அதில் இறால் மாதிரி ஒன்று கட்ட எனக்குச் சொல்லித் தருவாயா? என் படகில் மீன் பிடிக்க வருகிறவர்கள் கடையில் வாங்கி வருகிற பொய் இறால் எதுவும் நம் தண்ணீருக்கு ஆகவில்லை. உனக்குத் தெரியுமே, உப்புத்தண்ணீர், முழங்கால் ஆழம், அடியில் முழுக்கப் புல். முதல் வீச்சிலேயே முள் புல்லில் மாட்டிக்கொள்கிறது. கண்ணெதிரே மீன் வாலைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு மேய்கிறது, இவர்கள் புல் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தர் என்னிடமே கேட்டுவிட்டார், "ஏங்க, மீன் பிடிக்க வந்தோமா, களை எடுக்க வந்தோமா?"

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நீ சொல்வது ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விடும். எழுதி அனுப்பினால் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யலாம்.

அண்ணி உன்னை விசாரித்தாள். வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். தோள்வலி எங்கேயும் போகவில்லை, நான் போகிற இடமெல்லாம் கூடவே வருகிறது. அண்ணி விசாரித்ததாக எழுதியிருந்தாய். நானும் விசாரித்ததாகச் சொல்.

கம்பு ஊன்றிப் படகு தள்ளுகிற கைக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது? பகல் முழுக்க இதையே கட்டிவிட்டு வந்து, இதைப் பற்றியே எழுத உட்கார்ந்தால் எனக்குக் கண் சொருகுகிறது. ஆனால் நீ லேசில் வாயைத் திறந்து எதுவும் கேட்கிறவன் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள். இறால் பயந்தால் பின்பக்கமாகத்தான் பாயும். மீன் துரத்துவது அப்படிப் பாய்கிற இறாலைத்தான். நீ தூண்டில் நரம்பை இழுக்கும்போது பொய் இறாலும் பின்பக்கமாகவே வர வேண்டும். ஆகவே வால், முள்ளில் நரம்பு கட்டுகிற காதுப் பக்கம். தலையும் கண்ணும் மீசையும், முள்ளின் வளைவுப் பக்கம். எல்லாரும் முதல் தடவை மாற்றித்தான் கட்டுவார்கள். நீயும் கட்டுவாய்.

கண்ணுக்கு, தடித்த நைலான் நரம்பின் நுனியை நெருப்பில் காட்டு. உருகிக் குண்டாகத் திரளும். மீசைக்குப் பழைய பிரஷ்ஷிலிருந்து நீளமாக இரண்டு மயிரை உருவிக்கொள். உடம்புக்கு மணல் நிறப் பஞ்சு நூலைச் சுற்று. அதன் மேல் கோழி இறகை இடைவெளி விட்டுச் சுற்றினால் கால்கள் வந்துவிடும். இனி உன் புல்லுக்கு வருவோம். சாவிக்கொத்துச் சங்கிலியில் குண்டு மணிகள் இருக்குமே, அதில் ஒரு ஜோடியை வெட்டி, காதுக்குப் பக்கத்தில், முள் முனைக்கு எதிர்ப்புறமாக வைத்துக் கட்டு. அந்தக் கனத்துக்கு இறால் தண்ணீரில் கவிழ்ந்துவிடும். முள் முனை வானத்தைப் பார்க்கும், புல்லில் மாட்டாது.

நூலை இறுக்கிப் பிடி. அறுந்துபோகிற அளவுக்கு வேண்டாம். அது எந்த அளவு என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. நாலைந்து தடவை அறுந்தால் உனக்கே தெரிந்துவிடும்.

முள், நூல், இறகு எல்லாம் அனுப்புகிறேன். பட்டறையில் கழித்துப் போட்ட சின்ன வைஸ் ஒன்றும் இருக்கிறது. மேஜை விளிம்பில் மாட்டி, முள்ளை அதன் வாயில் இறுக்கிக்கொண்டு கட்டு. வெயிலில் அலையாதே.

தங்கை


மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய சாமான்கள் நல்லபடி வந்து சேர்ந்தன. நாங்கள் சௌக்கியம். அங்கே குளிர் விட்டதா?

நீ சொன்ன மாதிரியே முதல் இறாலுக்கு வாலில் கண்ணை வைத்துக் கட்டினோம். இரண்டாவதைப் பார்த்துவிட்டு உன் அண்ணி, "இது இறாலா, இல்ல முடிவெட்டுற கடையில கூட்டி அள்ளினதா?" என்றாள். இரண்டையும் இதோடு வைத்திருக்கிறேன். சிரித்துவிட்டு, தப்பு எங்கே என்று எழுது.

இன்னொரு சந்தேகம். நிமிர்ந்து உட்காராமல், சாய்ந்து படுத்த வாக்கில் கட்ட முடியுமா? வைஸைப் பலகையில் மாட்டி நெஞ்சுக்கு நேரே வைத்துப் பார்த்தாயிற்று. நூலை இழுத்தால் பலகை ஆடுகிறது. இதற்கு ஏதாவது வழி இருந்தால் சொல்.

கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

அண்ணன்


மார்ச் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டையும் பார்த்தேன். சிரிக்கவும் செய்தேன். ரொம்ப நாளாயிற்று சிரித்து. உன் பஞ்சு நூல் தளர்ந்திருக்கிறது. நனைந்ததும் நழுவி, இறால் வேட்டியை அவிழ்த்துக்கொண்டு நிற்கும். இறகு ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. கண் மட்டும் அழகு.

அது என்ன, படுத்துக்கொண்டு கட்டுவது? வாடிக்கைக்காரரைக் கம்பு ஊன்றச் சொல்லிவிட்டு நீ படகில் மல்லாந்து கிடக்கிறாயா? பலகையின் இரண்டு ஓரத்திலும் மணல் நிரப்பிய பை வை, ஆடாது.

ஒன்று கேட்க வேண்டும். அண்ணியின் தையல் மெஷின் ஓடுகிறதா? கடிதத்துக்குக் கடிதம் சுகம், சௌக்கியம் என்று எழுதுகிறாய். அம்மா படுத்திருந்தபோது ஊருக்கெல்லாம் நாமும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தோம்.

பதில் போடு.

தங்கை


ஏப்ரல் 29

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுத ரொம்பத் தாமதமாகிவிட்டது. வேலை. அதோடு கொஞ்சம் அசதி. வேறொன்றும் இல்லை.

மணல் பை நல்ல யோசனை. பலகை இப்போது அசைவதே இல்லை. மூன்று இறால் இதோடு வைத்திருக்கிறேன். இவை தேறும் என்று தோன்றுகிறது. என் வாடிக்கைக்காரர் ஒரு பல் டாக்டர் இருக்கிறாரே, வருஷா வருஷம் வருகிறவர், அவர் இதே கட்டில் ஒன்றைக் கொண்டுபோய் வேறொருவர் படகிலிருந்து வீசியிருக்கிறார். புல்லில் ஒரு தடவைகூட மாட்டவில்லையாம். மீன் நின்று, திரும்பிப் பார்த்து, வாயைத் திறந்ததாம். வாசலுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் அன்றைக்கு ஒரே சந்தோஷம்.

மெஷினுக்கு உறை போட்டு வைத்திருக்கிறது. இடம் போதவில்லை, அதனால்தான்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணன்


மே 9

அண்ணாவுக்கு,

நான் சுகம். நீ அனுப்பிய மூன்றையும் விளக்குக்கு நேரே வைத்துப் பார்த்தேன். அவ்வளவு சுத்தமான கட்டு. எங்கள் மேற்பார்வையாளர் அம்மாவிடம் காட்டினேன். எதையும் லேசில் மெச்சாதவர், "யாரு கட்டினது? நம்ம ஆளுங்களா?" என்று கேட்டார்.

அண்ணா, நூல் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறது. மூன்றிலும். கட்டுகிறவருக்கு இடது கைப் பழக்கம் இருந்தால்தான் அப்படி வரும். உனக்கு எல்லாமே வலது கை. நம் வீட்டில் இடது கையால் கத்தரி பிடிக்கிறவர் ஒருவர்தான்.

மெஷினுக்கு உறை போட்டிருக்கிறது. கட்டுகிறவர் படுத்திருக்கிறார். உன் பல் டாக்டர் வேறொருவர் படகில் போகிறார்.

அண்ணிக்கு என்ன?

தங்கை


மே 18

சின்னவளுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீ சுகமாக இருக்கிறாயா என்று முதலில் கேட்க வேண்டும். கேட்டுவிட்டேன். உன் அண்ணன் பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருந்தார். "குடுங்க இப்படி" என்று வாங்கிக்கொண்டேன்.

எனக்கு முதுகெலும்பில் கட்டி. ஒரு ஆபரேஷன் செய்தார்கள். இன்னொன்று செய்து பிரயோஜனம் இல்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். கை மட்டும் பழைய மாதிரியே இருக்கிறது. நாள் பூராவும் மெஷினில் இருந்த கை, சும்மா கிடக்க மாட்டேன் என்கிறது. போர்வை ஓரத்து நூலையெல்லாம் பிரித்துப் போட்டுவிட்டேன். அதைப் பார்த்துத்தான் உன் அண்ணனுக்கு இந்த இறால் யோசனை வந்தது. ஒன்று கட்டி முடிக்கிற வரைக்கும் வலி எங்கேயோ தள்ளி நிற்கிறது.

உனக்குச் சொல்லக் கூடாது என்று சொன்னது நான். அவரைத் திட்டாதே.

உங்கள் அம்மா படுத்திருந்த காலமெல்லாம் நீதான் பார்த்தாய். நான் மெஷினை விட்டு எழுந்தால் வீடு நடக்காது, அவர் படகை விட்டால் நடக்காது, நீ வீட்டில்தானே இருக்கிறாய் என்று உன் தலையில் கட்டினோம். உன்னோடு படித்தவர்கள் எங்கெங்கோ போனார்கள். நீ மருந்து கொடுத்துக்கொண்டு இருந்தாய். அம்மா இறந்த அந்த மாதமே உன் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தேன். "எங்கயாவது போய் வேலை பாரு, இந்த வீட்டுல இருக்காதே" என்றேன். துரத்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாய், இல்லையா? துரத்தத்தான் செய்தேன். இருந்திருந்தால் அடுத்து யார் படுத்தாலும் நீதான் பார்க்க வேண்டும் என்று ஆகியிருக்கும். அடுத்து படுத்தது நானாகப் போய்விட்டது, அவ்வளவுதான்.

அதனால் வராதே. உன் அண்ணன் பார்க்கிறார். சோற்றைக் குழைத்துவிடுகிறார், மற்றபடி குறையில்லை.

இறகைச் சுற்றும்போது காம்பு முறிகிறது. அதற்கு என்ன செய்வீர்கள்?

அண்ணி


ஜூன் 1

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம். உங்களை அப்படிக் கேட்க இந்தத் தடவை பேனா வரவில்லை.

இறகை ஈரத்துணியில் கொஞ்ச நேரம் சுற்றி வையுங்கள். காம்பு வளைந்து கொடுக்கும்.

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். அழுகை வரும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வரவில்லை. "வராதே" என்ற இடத்தில் பெருமூச்சுதான் வந்தது. நிம்மதிப் பெருமூச்சு அண்ணி. உங்களிடம் மறைக்க மாட்டேன். மறுபடி அந்த அறை, அந்த மருந்து வாடை, கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது எல்லாம் எனக்கு இன்னொரு தடவை வேண்டாம். இத்தனை வருஷம் உங்கள் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். வாசலில் இருந்த பெட்டியைத் தூக்கியபோதுகூட உள்ளுக்குள் இந்தப் பெருமூச்சுதான் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் உங்களைப் பார்க்க வேண்டும் போலவும் இருக்கிறது. அதனால் விருந்தாளியாக வருகிறேன். லீவு கேட்டிருக்கிறேன். ஒரு பாத்திரம் தொட மாட்டேன். நாற்காலி போட்டு, டீயைக் கையில் கொண்டு வந்து கொடுத்தால் குடிப்பேன். இதற்குச் சம்மதமா?

சின்னவள்


ஜூலை 20

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணாவுக்கும்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். "டீ உன் அண்ணன்தான் போடுவார், குடிப்பது உன் பொறுப்பு" என்று கார்டில் எழுதியிருந்தீர்கள். அந்த டீயின் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

வழி நெடுக அந்தப் படகுதான் ஞாபகம். அண்ணன் உங்களைப் போர்வையோடு தூக்கி வந்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்தானே, அப்போது எனக்கு எழுந்து வந்து பிடிக்கக் கை பரபரத்தது. "விருந்தாளி, உக்காரு" என்று அதட்டினீர்கள். உட்கார்ந்தேன். அண்ணன் வீசிவிட்டுத் தூண்டிலை உங்கள் இடது கையில் கொடுத்தான். அந்தச் சாம்பல் நிற வால் திரும்பி, மீன் இறாலைக் கவ்வியதும் நீங்கள் போட்ட சத்தம் இருக்கிறதே! "ஏங்க! இது என்னை இழுத்துட்டுப் போகுதுங்க! பிடிங்க, என்னைப் பிடிங்க!" அண்ணன் மீனைப் பிடிக்கவா, உங்களைப் பிடிக்கவா என்று தெரியாமல் தலையணையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பட்டறையில் சொன்னேன். எத்தனையோ வருஷமாகக் கட்டுகிறோம், நாங்கள் கட்டிய ஒன்றை மீன் வாயில் வைத்து யாரும் பார்த்தது இல்லை. எல்லாரும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

மணல் நிற நூல் இன்னும் இரண்டு கண்டு அனுப்புகிறேன். வலிக்கிற அன்று கட்டாதீர்கள். வலித்தாலும் கட்டுவீர்கள், தெரியும்.

சின்னவள்


அக்டோபர் 5

அன்புத் தங்கைக்கு,

காரியம் முடிந்து நீ ஊர் போய்ச் சேர்ந்ததைப் போனில் சொன்னாய். அதற்குப் பிறகு இப்போதுதான் எழுத உட்கார்கிறேன். சுகமா?

உன் அண்ணி போனதிலிருந்து வீட்டில் எனக்கு வேலையே இல்லை. மருந்து கொடுக்கிற நேரத்துக்கு எழுந்துவிடுகிறேன். எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறேன். பிறகு தூக்கம் வருவதில்லை. படகுக்குத் தார் பூச வேண்டும், கிடக்கிறது.

அத்தை வந்திருந்தாள். நம் அப்பாவைப் பெற்ற வீட்டில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதானே, உரிமையாகப் பேசினாள். "தங்கச்சியைக் கூப்பிட்டு வச்சுக்கோயேன். அவளுக்கும் அங்க யாரு இருக்கா? உனக்கும் ஒரு வாய் சாப்பாடு ஆகும்," என்றாள். மறுநாள் மேலறையைப் பெருக்கி, கட்டிலைத் துடைத்துப் போட்டேன். ஜன்னலுக்குக் கொக்கி மாற்றினேன்.

நீ வந்துவிட்டால் நன்றாக இருக்கும். இங்கேயே உனக்கு ஒரு மேஜை போட்டுத் தருகிறேன். யாருக்கும் கட்டுப்படாமல் கட்டலாம். யோசித்துச் சொல்.

அண்ணன்


அக்டோபர் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். நான் வரமாட்டேன்.

லீவு கிடைக்கும்போதெல்லாம் வருவேன். நீயும் இங்கே வா. என் அறையில் ஒரு கட்டில்தான் இருக்கிறது, அதில் நீ படுத்துக்கொள். ஆனால் பெட்டியோடு வந்து அந்த மேலறையில் இருக்க என்னால் ஆகாது. முதலில் ஒரு வாய் சாப்பாடு என்பார்கள். பிறகு அத்தைக்கு முடியவில்லை என்பார்கள். பிறகு உனக்கு. வந்துவிட்டால் நான் 'மாட்டேன்' என்று சொல்லவே மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். அதனால்தான் இப்போதே சொல்கிறேன்.

இங்கே எனக்கு யாரும் இல்லை என்று அத்தை சொன்னது உண்மைதான். சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால் காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்தில் இருக்கிறது. அந்த டம்ளரை வேறு யாருக்காகவும் கழுவ வேண்டாம் என்பதும் இருக்கிறது அண்ணா.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். நீ மாதக்கணக்கில் முழுசாகத் தூங்கவில்லை. வந்திருந்தபோது பார்த்தேன், டீயைக் கலக்கிக்கொண்டே கண்ணை மூடி நிற்கிறாய். உனக்கு இப்போது சமைத்துப் போட ஆள் வேண்டாம், தூக்கம்தான் வேண்டும். வீட்டில் வராவிட்டால் வேறெங்கேயாவது போய்த் தூங்கு.

கோபம் தீர்ந்ததும் எழுது. தீராவிட்டாலும் எழுது.

தங்கை


நவம்பர் 22

அன்புத் தங்கைக்கு,

இந்த மழையில் நீ எப்படி இருக்கிறாய்?

கோபம் வந்தது. கடிதத்தை அரிசி டப்பாவுக்கு அடியில் சொருகிவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். பிறகு பசித்தது. டப்பாவைத் தூக்கித்தானே ஆக வேண்டும். மறுபடி படித்தேன். அத்தை வந்தபோது, "அவ வரமாட்டா. நானும் இனிமே கேக்கமாட்டேன்," என்று சொல்லிவிட்டேன். அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். டீ குடித்துவிட்டுத்தான் போனாள்.

படகுக்குத் தார் பூசித் தண்ணீரில் இறக்கினேன். முதல் ஆளாகப் பல் டாக்டர் வந்தார். விஷயம் தெரியாமல், "வீட்டுல அம்மா இன்னும் இறால் கட்டுறாங்களா?" என்று கேட்டார். சொன்னேன். அவர் தன் பெட்டியைத் திறந்து, அண்ணி கட்டியதில் ஒன்றை எடுத்து நரம்பில் முடிந்துகொண்டார். காற்று இல்லை. புல்திட்டு ஓரமாகப் படகை நிறுத்தி, கம்பைச் சேற்றில் ஊன்றிப் பிடித்துக்கொண்டு, மீன் வருகிறதா என்று பார்த்து நின்றேன். வெயில் முதுகில் இதமாக விழுந்தது. கொஞ்சம் உட்காரலாம் என்று உட்கார்ந்தேன். அதற்கு மேல் எனக்கு ஞாபகம் இல்லை.

கண் விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. என் மேல் அவருடைய சட்டை கிடந்தது. பல் டாக்டர் பனியனோடு, கம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, படகு நகர்ந்துவிடாமல் நின்றுகொண்டிருந்தார். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் வாடிக்கைக்காரர் எதிரே நான் உட்கார்ந்ததுகூடக் கிடையாது.

"மன்னிச்சுக்குங்க சார். எழுப்பியிருக்கலாமே! மீன் வந்துச்சா?"

"வந்துச்சு. ஒரு கூட்டமே வந்துச்சு. படகை ஒட்டி, வாலைத் தூக்கிட்டு, ரொம்ப நேரம் மேஞ்சுட்டு இருந்துச்சு."

"அப்புறம் ஏன் சார் வீசல?"

அவர் கம்பை என் கையில் கொடுத்துவிட்டு, விரல்களை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டார்.

"வீசினா படகு ஆடுமே," என்றார்.

அண்ணன்